ஆவி பிடிக்கலாம், நாலு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளியும் இருமலும். மாமியார் தினமும் ராத்திரி நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிறார். நாலு வயதுப் பையனையும் மடியில் வைத்துக்கொண்டு போர்வையைப் போர்த்திக்கொள்கிறார். சிரப் கொடுக்க வீட்டில் எல்லோருக்கும் பயம். ஆவி பிடித்தால் உண்மையிலேயே சளி குறையுமா, தண்ணீரில் என்ன போட வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, பையனுக்குப் பிடிக்கலாமா என்பது கேள்வி. மாமியாருக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாக இருமல் விடவே இல்லை என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

பையன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஆவி பிடிப்பதை இன்று ராத்திரியிலிருந்தே நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

நான் புதுச்சேரியில் நர்சாக வேலை பார்த்தவள். குழந்தைகள் வார்டில் பல வருஷம், அப்புறம் தீக்காயப் பிரிவில். மழைக்காலம் வந்தால் ஒரே மாதிரியான காயத்தோடு பிள்ளைகள் வருவார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. அடிவயிறு, இரண்டு தொடை, தொடையிடுக்கு எல்லாம் வெந்திருக்கும். காயம் எங்கே என்று பார்த்தாலே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். கட்டிலிலோ ஸ்டூலிலோ பாத்திரம், அதற்கு முன்னால் மடியில் பிள்ளை, மேலே போர்வை. உள்ளே இருட்டு, அனல், மூச்சு முட்டும். பிள்ளை உதறும். காலோ போர்வையின் ஓரமோ பாத்திரத்தில் பட்டால் போதும், தண்ணீர் முழுக்க மடியில். துணி அந்தத் தண்ணீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அவசரத்தில் கழற்றுவதற்குள் தோல் கையோடு வந்துவிடும். அப்படிப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு பாட்டி, தன் முழங்காலும் வெந்திருப்பதை நாங்கள் காட்டிய பிறகுதான் பார்த்தார். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மூக்கடைத்துத் தூக்கம் வராமல் அழுத பேரனைத் தூங்கவைக்கத்தான் உட்கார்ந்தார்.

கணக்காகவே சொல்கிறேன். கொதித்து இறக்கிய இரண்டு லிட்டர் தண்ணீர் ஐந்து நிமிடம் கழித்தும் 80 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். 60 டிகிரி தண்ணீர் பட்டால் பெரியவர்களின் தோலே ஏறக்குறைய ஐந்து விநாடியில் ஆழமாக வெந்துவிடும். 70 டிகிரி என்றால் ஒரு விநாடி. பிள்ளைகளின் தோல் நம்முடையதைவிட மெலிசு, இன்னும் சீக்கிரம் வேகும். ஆவியும் சாதுவானதில்லை. ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது விடுகிற வெப்பம் ஏறக்குறைய 63 கலோரி. அதே ஒரு கிராம், ஆவியாக வந்து தோலில் பட்டு நீராக மாறும்போது மட்டும் 540 கலோரியை இறக்கிவிட்டுப் போகும். முகத்தைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கன்னமும் மூக்கின் உட்சவ்வும் சிவந்து எரிவது இதனால்தான்.

இவ்வளவு ஆபத்தைத் தாங்கிக்கொள்கிற அளவுக்கு அதில் பலன் இருக்கிறதா? மூக்கடைப்பு என்றால் மூக்குக்குள் சளி அடைத்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறோம். பாதிதான் சரி. மூக்கின் உள்ளே பக்கவாட்டில் இருக்கும் மடிப்புகளில் ரத்தக்குழாய்கள் நிறைய. சளி பிடிக்கும்போது அவை வீங்கி வழியை அடைக்கின்றன. எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காமல் இருப்பது அதனால்தான். ஆவி பிடிக்கும்போது காய்ந்து கெட்டியான சளி ஈரமாகி இளகும், சுலபமாக வெளியே வரும். வெதுவெதுப்பு தொண்டைக்கு இதமாக இருக்கும். வீக்கம் அப்படியேதான் இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து மூக்கு பழையபடி அடைத்துக்கொள்ளும்.

நெஞ்சுச் சளி கரையும் என்பதும் நடக்காத காரியம். நாம் இழுக்கிற காற்று சூடாக இருந்தாலும் குளிர்ச்சியாக இருந்தாலும் மூக்கும் தொண்டையும் அதை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் கீழே அனுப்பும். ஆவியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே படிந்துவிடும், நுரையீரலுக்குள் போய் வேலை செய்யாது. கிருமி செத்துவிடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். வைரஸைக் கொல்லும் அளவுக்குச் சூட்டை ஏற்றினால் அதற்கு முன்னால் மூக்கின் உட்சவ்வு வெந்துவிடும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் சளி, இருமல், தொண்டைவலி என்று குடும்ப மருத்துவர்களிடம் வந்த 889 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. ஆவி பிடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் சொல்லப்படாதவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் தெரியவில்லை. பிடித்தவர்களில் நாலு பேர் லேசாகச் சுட்டுக்கொண்டதுதான் பதிவானது. சூடான ஈரக் காற்றைக் கருவி மூலம் மூக்கில் செலுத்திப் பார்த்த ஆறு ஆய்வுகளை, மொத்தம் 387 பேர், ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2017 இல் புதுப்பித்தார்கள். பலன் இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே முடிவு. 2016 இல் வந்த இன்னோர் ஆய்வு நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 871 பேரைப் பற்றியது. அதில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு பலன் இருந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி மட்டும் குறைந்தது.

அந்தத் தலைவலி விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பக்கத்தில் "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். நெற்றி பாரம், கண்ணுக்குக் கீழே அழுத்தம், குனிந்தால் தலை விண்ணென்று இருக்கும். அதற்குத்தான் பெரியவர்கள் வேது பிடிப்பார்கள், பிடித்துவிட்டு "இப்பத்தான் தலை லேசாச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. சுகம் கிடைக்கிறது, அதோடு கொஞ்சம் தூக்கமும் வருகிறது. சளி மட்டும் தன் கணக்குப்படி ஏழிலிருந்து பத்து நாளில்தான் போகும், இருமல் மூன்று வாரம்வரைகூட இழுக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் உச்சத்துக்குப் போய்விட்டு அதுவாக இறங்க ஆரம்பிக்கும்போது நாம் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பெயர் போய்விடுகிறது.

ஆகவே பெரியவர்கள் ஆவி பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ தலைபாரமாக இருந்தால் தாராளமாகப் பிடியுங்கள். எப்படிப் பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். எரிகிற அடுப்புக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிவது தீயோடு விளையாடுவது. குக்கர் விசிலைக் கழற்றிவிட்டு அதில் ரப்பர் குழாயைச் செருகி மூக்குக்குக் கொண்டுவருவதைக் கொரோனா காலத்தில் நிறைய பேர் செய்தார்கள். அதைச் செய்யவே கூடாது. இறக்கிய தண்ணீரை அடி அகலமான, சாயாத குண்டானில் பாதி அளவு மட்டும் ஊற்றுங்கள். அந்தக் குண்டானை ஒரு பெரிய அன்னக்கூடைக்குள்ளோ பிளாஸ்டிக் டப்புக்குள்ளோ வையுங்கள். சாய்ந்தாலும் தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். தீக்காயப் பிரிவில் வேலை செய்த பிறகு எங்கள் வீட்டில் நான் கொண்டுவந்த பழக்கம் இது. செலவே இல்லாத பாதுகாப்பு, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சுவரோடு ஒட்டிய மேசைமேல் டப்பை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பிடிப்பது நல்லது. மேசை இல்லாத வீட்டில் தரையில் வைக்கலாம். சம்மணம் போட்டுக்கொண்டு கால்களுக்கு நடுவே பாத்திரத்தை வைக்காதீர்கள். முக்காலியில் உட்கார்ந்து, கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு குனியுங்கள். கட்டில், மெத்தை, பிளாஸ்டிக் ஸ்டூல் மூன்றுமே வேண்டாம். இறக்கியவுடன் முகத்தைக் கொண்டுபோகாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். போர்வைக்குப் பதிலாக ஒரு குளியல் துண்டு போதும், பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்திலிருந்து பத்து நிமிடம். சுடுகிறது, தலை சுற்றுகிறது என்று தோன்றினால் உடனே துண்டை எடுத்துவிடுங்கள். முடித்தவுடன் எழுந்து நடக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு மற்றதை மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் சேர்த்து பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கம் தள்ளப்பட்டுக் காதுவலி வரும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகாமல் உடனே சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். ஆவி பிடித்து முடித்த பிறகு அந்தத் தண்ணீரில் பிள்ளை விழுந்த கதைகளும் உண்டு.

கடையில் விற்கிற ஸ்டீமர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். தண்ணீர் குறைவாக இருப்பதால் கொட்டினாலும் சேதம் குறைவு, அந்த வகையில் பரவாயில்லை. குறித்த கோடுவரைக்கும்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், மலிவான ஸ்டீமர்களில் தண்ணீரிலேயே மின்சாரம் பாயும். தைலத்தை நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

ஒரே பாத்திரத்தில் வீடு முழுக்கச் சேர்ந்து பிடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரே துண்டுக்குள் இரண்டு பேர் இருமினால் ஒருவர் சளி இன்னொருவருக்குப் போய்ச் சேரும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், தமிழ்நாட்டில் சில இடங்களில் பொதுவில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தபோது சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே அது வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

தண்ணீரில் என்ன போடுவது? வெறும் தண்ணீரே போதும். உப்பு போடுவதில் அர்த்தமே இல்லை. உப்பு ஆவியாகாது, பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். மஞ்சள் தூளும் பெரும்பாலும் அப்படித்தான். நொச்சி, தைல மர இலை, எலுமிச்சை இலை, துளசி ஆகியவற்றில் ஆவியோடு எழும்புகிற வாசனை எண்ணெய் இருக்கிறது. ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிப் போட்டால் மணம் நன்றாக இருக்கும், பெரியவர்களுக்குக் கெடுதலும் இல்லை. கெடிலக்கரையில் நொச்சிக்குப் பஞ்சமில்லை, சாலையோரப் புழுதியும் மருந்தடித்த வயல் பக்கமும் இல்லாத இடத்தில் பறித்து, நன்றாகக் கழுவிப் போடுங்கள். உங்கள் மாமியாருக்கு நொச்சிமேல் நம்பிக்கை இருந்தால் இன்னொரு வழியும் சொல்லுங்கள். நிழலில் உலர்த்திய நொச்சி இலையைத் துணிப்பையில் அடைத்துத் தலையணையாக வைத்துக்கொள்வது நம் ஊரில் பழைய வழக்கம். அதில் கொதிதண்ணீர் எங்குமே வராது.

தைலம், பாம் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மென்தால் போட்டவுடன் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கிறதே, அது ஓர் உணர்வு. மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தட்டிவிடுகிறது, காற்று தாராளமாகப் போகிறது என்று மூளை நினைத்துக்கொள்கிறது. கருவி வைத்து அளந்தால் காற்றின் அளவு மாறியிருக்காது. அந்த உணர்வும் ஒரு நிம்மதிதான், ஆனால் அதற்கு ஒரு துளி நீலகிரித் தைலம் போதும். கண் எரிகிற அளவுக்குப் போட்டால் உள்ளே சவ்வும் எரிகிறது என்று அர்த்தம். சாமி கும்பிடுகிற கற்பூரத்தைப் போடவே போடாதீர்கள். கற்பூரமும் நீலகிரித் தைலமும் குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும் வலிப்பு வரவழைக்கக்கூடியவை. வெந்நீரில் கிள்ளிப் போடுகிற கேப்சூலிலும் இவைதான் இருக்கின்றன. பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், மாத்திரை என்று நினைத்து விழுங்கிய பெரியவர்களும் உண்டு. பையன் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். நெஞ்சில் தடவுகிற பாமையும் இரண்டு வயதுக்குக் கீழே தடவக் கூடாது. எந்த வயதுப் பிள்ளைக்கும் மூக்குத் துவாரத்தில் தடவக் கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்கள் தைலம் போட்ட ஆவியை விட்டுவிட வேண்டும். நெடி பட்டு மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு வைக்கிறார்களே, அதில் மூச்சுக்குழலை விரிக்கிற மருந்து போகிறது. வீட்டில் ஆவி பிடித்தால் அதே பலன் கிடைக்கும் என்று நினைத்து வீசிங்கோடு உட்கார்ந்திருப்பது நேரத்தை வீணாக்குவது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் சுடுதண்ணீர் பட்டால்கூட உடனே உணரமாட்டார்கள், அவர்கள் தனியாகப் பிடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் தலைசுற்றல் உள்ளவர்களும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். மூக்கில் ரத்தம் வருகிற சமயத்தில் யாருக்குமே வேண்டாம்.

சரி, பையனுக்கு என்னதான் செய்வது? சிரப் பயம் எனக்குப் புரிகிறது. 2025 இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ் சளி இருமல் மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகவே அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத நல்ல சிரப்பாக இருந்தாலும் அந்த வயதில் பெரிய பலன் கிடையாது. ஆகவே சிரப் கொடுக்காமல் இருப்பதால் நீங்கள் பிள்ளைக்கு எதையும் குறைவைக்கவில்லை.

மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு. மெடிக்கலில் கேட்கும்போது சளிக்கு டிராப்ஸ் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். புட்டியில் சோடியம் குளோரைடு என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்றிருந்தால் அது வேறு மருந்து. டாக்டர் சொல்லாமல் சின்னப் பிள்ளைக்கு விடக் கூடாது, பெரியவர்களும் மூன்று நாலு நாளுக்கு மேல் விட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். உப்புச் சொட்டு சாப்பாட்டுக்கு முன்னாலும் படுக்கும் முன்னாலும் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று துளி. கொஞ்ச நேரத்தில் சளி இளகி வரும், துடைத்துவிடுங்கள். ஆவி மூக்கில் செய்கிற அதே வேலைதான் இது, சூடு மட்டும் இல்லை. பெரியவர்கள் மூக்கு கழுவ வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கொதிக்கவைத்து ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீருக்கு நாலரை கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. குழாய்த் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக் கூடாது. மூளையைத் தாக்குகிற அமீபா அந்த வழியாகத்தான் ஏறும்.

ராத்திரி இருமலுக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் தேன் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத்தான் தேன், அதற்குக் கீழே ஒரு துளிகூடக் கூடாது. பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, காரம் குறைத்த மிளகு ரசம். ரசத்தை நான் சும்மா சொல்லவில்லை. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்குச் சூடான பானம் கொடுத்து 2008 இல் பார்த்தார்கள். மூக்கின் காற்றோட்டம் அளவில் கூடவில்லை, ஆனால் மூக்கொழுகல், இருமல், தொண்டைவலி, அசதி எல்லாம் குறைந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். ஒரு டம்ளர் ரசத்தில் ஆவியும் இருக்கிறது, தண்ணீர்ச் சத்தும் இருக்கிறது, வெதுவெதுப்பாக ஆற்றிக் கொடுத்தால் கொட்டினாலும் சுடாது. காய்ச்சல் இருந்து பிள்ளை சோர்ந்திருந்தால் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம், ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி. புட்டியில் 5 மில்லிக்கு 125 என்றும் 250 என்றும் இரண்டு வகை வருகிறது. டாக்டர் எழுதியது எது, கடையில் கொடுத்தது எது என்று ஒத்துப் பாருங்கள். அளவு இரட்டிப்பாகிவிடுகிற தவறு அங்கேதான் நடக்கிறது. சளி பச்சையாக வருகிறது என்பதற்காக அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். வைரஸ் சளியும் நாள் போகப்போகப் பச்சையாகத்தான் மாறும்.

அறைக் காற்றை ஈரமாக்குகிற கருவி வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் நம் ஊருக்கு அது தேவையா என்று யோசியுங்கள். அந்த யோசனை, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு அறைக்காற்று வறண்டுபோகிற நாடுகளிலிருந்து வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரிலும் புதுச்சேரியிலும் துவைத்த துணி இரண்டு நாள் காயாமல் கிடக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. இன்னும் ஈரம் சேர்த்தால் சுவரில் பூஞ்சைதான் பூக்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் ஏறி நின்ற வீடுகளில் அப்புறம் பல வாரம் பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை என்று தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பையன் படுக்கிற பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓதம் அடித்துக் கறுப்பாகப் புள்ளி இருந்தால் கட்டிலை நகர்த்திவிட்டு, மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும் அந்த அறையில் கொஞ்ச நாள் வேண்டாம்.

சாதாரணச் சளியா, நிமோனியா மாதிரி ஏதாவதா என்று நீங்களே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பையன் அழாமல் அமைதியாக இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கி வயிறும் நெஞ்சும் தெரியும்படி வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும், பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், ஆவி, கஷாயம் எதிலும் நேரத்தைக் கடத்தாமல் மஞ்சக்குப்பத்திலேயே இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் காட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் இருக்கிறது.

சுடுதண்ணீர் எப்போதாவது மேலே கொட்டிவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நனைந்த துணியை உடனே கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அரைஞாண், வளையல், கொலுசு இருந்தால் வீங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். 20 நிமிடம் என்பது நிற்கும்போது மிக நீளமாகத் தெரியும், பிள்ளை கத்தும், பதறிப்போய் ஐந்து நிமிடத்தில் வண்டியில் ஏற்றிவிடத் தோன்றும். அந்த 20 நிமிடத் தண்ணீர் காயத்தின் ஆழத்தையே குறைக்கும். காயம்படாத உடம்பைத் துண்டால் போர்த்தி வைத்துக்கொண்டே தண்ணீர் விடுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, இங்க், மஞ்சள், வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். நாங்கள் காயத்தைப் பார்க்கும் முன் இதையெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும், பிள்ளைக்கு அது இரண்டாவது வேதனை. சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் மாமியார். கேள்வியில் நீங்கள் கடைசியாக எழுதிய அந்த வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஒரு மாதத்துக்கு மேல் நிற்காத இருமலைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் வைத்திருக்கிற விதி. ஆவி பிடித்தால் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் சுகமாக இருப்பதால்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாளைக் கடத்துகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது, சளியில் ரத்தம் இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் பரிசோதனை வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி 'ப்ரில்' என்று முடிகிற மாத்திரை சிலருக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல் கொடுக்கும். அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ சளிப் பரிசோதனை இலவசம், எக்ஸ்ரேவும் எடுப்பார்கள். இரண்டு மாதிரி கேட்பார்கள். ஒன்று அங்கேயே கொடுப்பது, இன்னொன்று மறுநாள் விடியற்காலையில் எழுந்தவுடன் எடுப்பது. வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கொண்டுவந்த சளியை டப்பாவில் துப்ப வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். இதை அவருக்கு நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள், வாசலிலோ மொட்டைமாடியிலோ காற்றோட்டமான இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நோய் என்று வந்தால் மருந்தும் இலவசம், வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அப்படி வந்தால் பையனையும் அங்கேயே காட்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் இல்லை என்றாலும் அவன் வயதுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.